பாட்டில் முக்கின வாளி

எனக்கு எண்பத்தோரு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கூடுதல் ரெண்டும் என் வீட்டுக்காரருடைய தம்பி பிள்ளைகள். தாய் காமாலையில் போனபிறகு என்னிடம் வந்ததுகள். ஆறு பேரும் என் கையால் தின்றுதான் ஆளானார்கள். அதில் ஒருத்தர்கூட வயிற்றுக் கடுப்பு என்று ஆஸ்பத்திரி வாசலை மிதித்தது கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே என் கையைப் பற்றித்தான்.

போன தை மாதம் மன்னார்புரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் பாயசம் ஊற்ற ஆள் குறைந்தது என்று நான் வாளியைத் தூக்கினேன். என் நாத்தனாருடைய மருமகள், பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி, "அத்தை கையில குடுக்காதீங்கப்பா, மாமா வயித்துக்கே கிருமி ஏத்தி விட்ட கை அது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொன்னதாம். நான் வாளியை வைத்துவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பந்தியில் நின்று சண்டை போடுகிற வயது எனக்கு இல்லை. ஆனால் நோட்டு வாங்கலாம், பேனா வாங்கலாம். ரெண்டாம் வகுப்புவரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு காலை ஆகிறது. ஆகட்டும், எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

எழுபதுகளில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிக் குடியிருந்தோம். ரெண்டு எருமை, ஒரு பசு. என் வீட்டுக்காரர் பாலக்கரையில் ஒரு அரிசி மண்டியில் மூட்டை நிறுத்துப் போடுகிற வேலை பார்த்தார். நான் கோயிலைச் சுற்றின உத்தர வீதிகளில் தயிர் விற்றேன். அந்த வீதிகளில் ஆசாரம் பார்க்கிற வீடுகள் எத்தனையோ. வெளியார் தொட்ட தண்ணீரைத் தொடாத வீடுகள். அந்த வீட்டு மாமிகள் என் பானையில் கரண்டி விட்டு, ஒரு துளி உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் நீயே வா" என்பார்கள். வேறு ஆளிடம் வாங்கமாட்டார்கள்.

சும்மா வந்துவிடவில்லை அந்தப் பெயர். தயிர்ப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பேன், வெந்நீர் விட்டு அலசுவேன், வெயிலில் கவிழ்ப்பேன். நேற்றுத் தண்ணீரின்மேல் இன்றைக்குத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் என் வீட்டில் இல்லை. ஒரு பானை ஒருநாள் சரியாகக் காயாவிட்டால் மறுநாள் தயிரில் நூல் வரும். எடுத்துக் குப்பைக்குழியில் கொட்டிவிடுவேன். விற்கமாட்டேன். மாடு கறக்குமுன் முழங்கைவரை கழுவுவேன். சாணி அள்ளின கையோடு பால் பக்கம் போனேன் என்று ஒருத்தர் சொல்லட்டும் பார்க்கலாம்.

எண்பது பிறந்து ரெண்டு மூன்று வருஷம் இருக்கும், அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. மண்டியில் நின்றே வேலை பார்க்கிறதால் என்று நினைத்தோம். அப்புறம் முகம் வீங்கிற்று, சோறு பிடிக்கவில்லை, பேசினால் வாயில் ஒரு மூத்திர வாடை. ஊருக்குள் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பெயர் எழுதமாட்டேன், அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு என்றார்கள்.

மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ணுகிறதெல்லாம் எங்களுக்கு எட்டாதது. அந்த ஆஸ்பத்திரியில் வயிற்று வழியாகச் செய்தார்கள். அங்கே ஒரு சின்ன டாக்டர், மீசை அப்போதுதான் அரும்பின வயசு, எனக்குப் புரியவைத்தார். "வயித்துக்குள்ள குடலைச் சுத்தி ஒரு மெல்லிசு சவ்வு இருக்குங்கம்மா. அதையே வடிகட்டியா வெச்சுக்கறோம். மருந்துத் தண்ணிய உள்ள விடுவோம். அரை மணி நேரம் ஊறும். கெட்டதை இழுத்துக்கும். வெளிய எடுத்துருவோம்."

கேட்க லேசாக இருந்தது. பார்க்க அப்படி இல்லை. தொப்புளுக்குக் கீழே குத்தி ஒரு விறைப்பான குழாயை இறக்குவார்கள். மேலே கம்பியில் ரெண்டு கண்ணாடி பாட்டில் தொங்கும். அது உள்ளே போகும், ஊறும், கட்டிலுக்குக் கீழே வைத்த பாட்டிலில் இறங்கும். மறுபடி ரெண்டு பாட்டில். இப்படி ரெண்டு நாள் ஓயாமல் நடக்கும். முடிந்ததும் குழாயை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்புவார்கள். எட்டு ஒன்பது நாளில் திரும்ப வீங்கும், திரும்ப வரவேண்டும். எத்தனை உள்ளே போச்சு, எத்தனை வெளியே வந்தது என்று சுவரில் மாட்டின அட்டையில் கோடு கிழிக்கிறது கூட இருக்கிறவர்கள் வேலை. நான் கிழித்த கோட்டில் ஒன்று தப்பினதில்லை.

பாட்டில் தண்ணீர் சில்லென்று உள்ளே போனால் ஆள் நடுங்கிப்போவார். அதனால் ஒரு நீல பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் வைத்து, அதில் பாட்டில்களைக் கழுத்துவரை முக்கி வெதுவெதுப்பாக்கி எடுப்பார்கள். அந்த அறையில் ரெண்டு கட்டில். ரெண்டுக்கும் அந்த ஒரே வாளிதான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கணக்கு வாத்தியார். பாலக்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவர். எங்களுக்கு முன்னாலிருந்தே வந்துபோகிறவர். அவர் மனைவி கட்டில் ஓரத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டே இருப்பார். வாத்தியாருக்கு அந்த நிலையிலும் வாய் குறையவில்லை. என்னைத் தயிரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"தயிரம்மா, வெளிய வர்ற பாட்டிலுக்குப் பின்னாடி ஒரு பேப்பரைப் பிடிச்சுப் பாருங்க. எழுத்துத் தெரிஞ்சா நல்லா இருக்குன்னு அர்த்தம். மங்கினா உடனே ஆளைக் கூப்புடுங்க."

"எனக்குப் படிக்க அவ்வளவா வராதுங்க சார்."

"நீங்க படிக்க வேணாம். எழுத்து நிக்குதான்னு பாத்தா போதும். எங்கிட்டப் படிச்ச பயலுவ பாதிப் பேரு அவ்வளவுதான் பாத்தாங்க."

என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழாயோடு சிரிக்காதீங்க என்று நான் அதட்டினேன்.

ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுப்பார்கள். இ.எஸ்.ஆர். என்று ஒரு சீட்டு வரும். எழுத்து வராவிட்டாலும் எனக்கு எண் வரும், பஸ் நம்பர் பார்த்துப் பழகினவள்தானே. முதல் தடவை ஐம்பத்தஞ்சு. ரெண்டாம் தடவை ரத்தம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில் பரிசோதனை அறை மூடியிருந்ததால் ரத்தக் குப்பியை என் கையில் கொடுத்து, பாலக்கரையில் ஒரு பாய் வைத்திருந்த லேப்புக்கு அனுப்பினார்கள். அவர் அதை ஒரு மெல்லிசான நீளக் குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் நேராக நிறுத்திவிட்டு, "ஒரு மணி நேரம் உக்காருங்கம்மா" என்றார். நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிற்று. மேலே மஞ்சளாகத் தண்ணீர் நின்றது.

"என்ன பாய், தயிர்ல தெளிவு நிக்கிற மாதிரி நிக்குது?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. சிவப்பு எவ்வளவு இறங்குதோ அதான் நம்பரு. உடம்புக்குள்ள எங்கயாச்சும் புண்ணு, சீழு, அழற்சின்னு இருந்தா வேகமா இறங்கும். எங்க இருக்குன்னு சொல்லாது. இருக்குன்னு மட்டும் சொல்லும்."

"ஐம்பத்தஞ்சுன்னா ஜாஸ்தியா?"

"நமக்கு ஜாஸ்தி. கிட்னிக்காரங்களுக்கு எப்பவுமே கூடத்தான் நிக்கும். அதனால ஒத்தச் சீட்டைப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. பழசையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். இதைத் தூக்கிப் போட்டுறாதீங்க."

அன்றைக்கு அறுபது. நான் எதையும் தூக்கிப் போடவில்லை. சீட்டுகளை ஒரு பாண்ட்ஸ் பவுடர் டப்பாவில் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

அந்த ரெண்டாம் தடவை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்தே அவருக்கு அடிவயிற்றில் லேசாக வலி. குழாய் போட்ட இடத்தைத் தினம் கொதித்து ஆறின தண்ணீரில் பஞ்சு நனைத்து, டாக்டர் சொன்ன மாதிரியே துடைத்தேன். அந்த இடம் காய்ந்து, தோல் மூடி, தொட்டால் வலிக்காமல்தான் இருந்தது. வலி உள்ளே இருந்தது. சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. மூன்றாம் தடவை போய்ப் படுத்தோம். குழாய் இறக்கி முதல் பாட்டில் வெளியே வந்தபோது பேப்பரைப் பின்னால் பிடித்தேன். எழுத்தே இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

நான்தான் ஓடிப்போய் ஹெட் சிஸ்டரைக் கூப்பிட்டேன். இதையும் கவனியுங்கள், கண்டுபிடித்துச் சொன்னதே நான்தான். அந்தம்மா பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வீட்டுல புண்ணை யாரு துடைச்சது?"

"நான்தாங்க."

"என்ன வேலை பாக்குற?"

"தயிர் விக்கிறேன்."

"மாடு வெச்சிருக்கியா? சாணி அள்ளுவியா?"

"எங்க வீட்டுல நான் அள்ளாம வேற யாருங்க அள்ளுவா?"

"அப்பறம் என்ன. கேக்கவே வேணாம்."

கேஸ் சீட்டில் ஏதோ எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "இனிமே நீ உள்ள வரக்கூடாது. சுத்தமா இருக்கற ஆளு யாராச்சும் இருந்தா அனுப்பு" என்றார். என் வயசுக்கு நீ, வா, போ. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் போனபிறகு வாத்தியாரிடம், "என்னங்க சார் எழுதிச்சு அந்தம்மா?" என்று கேட்டேன். வாத்தியார் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு முதலில் சொல்ல மாட்டேன் என்றார். நான் விடவில்லை. "வீட்டில் சுத்தக் குறைவுன்னு எழுதியிருக்கு" என்றார்.

உத்தர வீதி மாமிகள் நக்கிப் பார்த்து வாங்கின தயிர் என்னுடையது. அந்த ஒரு வரியை எழுத அந்தம்மாவுக்கு அரை நிமிஷம் ஆகவில்லை.

என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், நாங்கள் அண்ணி என்று கூப்பிடுவோம். விடியக்காலம் அம்மா மண்டபத்தில் காவேரி ஸ்நானம், ஈரம் காய்கிற சேலை, நெற்றியில் திருமண், கையில் ஒரு பித்தளைச் சொம்பு. பார்த்ததும் ஹெட் சிஸ்டர், "இந்தம்மா இருக்கட்டும்" என்றார். நான் வெளியே வராந்தாவில், கதவுக்கு நேரே தரையில் உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே நடக்கிறதெல்லாம் தெரிந்தது.

"அவ எங்கக்கா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வெளிய இருக்கா. நான் இருக்கேன்லடா."

"தலகாணிய இப்படி வெச்சா எனக்கு மூச்சு முட்டுது. அவளுக்குத்தான் தெரியும். வரச்சொல்லு."

"வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கடா."

அவர் கதவுப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன், இங்கேதான் இருக்கிறேன் என்று.

வராந்தாவில் உட்கார்ந்த பெண்பிள்ளைக்கு வேறு என்ன வேலை. பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஆயா சமையல்கட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து வாளியில் ஊற்றினார். ஏற்கெனவே இருந்த தண்ணீரின்மேல் ஊற்றினார். மத்தியானம் ஆறிப்போனதும் இன்னொரு சொம்பு. ஊற்றிக்கொண்டேதான் இருந்தார்களே தவிர, ஒருத்தரும் வாளியைக் கவிழ்க்கவில்லை. நர்ஸ் வருவார், பாட்டிலைத் தூக்குவார், கழுத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பஞ்சால் மூடியை ஒரு ஒத்து ஒத்திவிட்டு, ரப்பரில் ஊசியைக் குத்துவார். வழிகிற தண்ணீர் ஊசி ஓரமாகவே இறங்கும். பாட்டில் கம்பிக்குப் போகும். அது வயிற்றுக்குப் போகும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறின புண்ணை நான் வெளியே துடைத்தேன். சீழோ உள்ளே இருக்கிறது. உள்ளே போகிறது இந்த பாட்டில் ஒன்றுதானே?

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நாலு நாள் நோட்டை மூடி வைத்திருந்தேன். எழுதிவிடுகிறேன். அண்ணி சொம்பிலிருந்து காவேரித் தண்ணீரை எடுத்துத் தம்பி தலையில் தெளித்தார். பெருமாளுக்குச் சாத்தின துளசி அதில் மிதந்தது. அப்புறம் குனிந்து, "ரெங்கா, ரெங்கா" என்று சொல்லிக்கொண்டே, ஒரு கை நிறைய அந்த வாளியிலும் ஊற்றினார்.

அது எனக்குப் புதிதில்லை. ரெண்டாம் தடவை வந்தபோதே அண்ணி பார்க்க வந்து இப்படி ஊற்றினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"அவன் உடம்புக்குள்ள போற தண்ணி காவேரித் தண்ணியில சூடாகிப் போகட்டும்டி. பாட்டிலுதான் மூடியிருக்கே, உனக்கென்ன?"

மூடியிருக்கிறது, வெளிப்பக்கம்தானே நனைகிறது என்று நானும் நினைத்தேன். அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணியை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசினதில்லை, அதையும் பேசவில்லை. ஒரு தயிர்க்காரிக்கு, நின்ற தண்ணீரில் ஆற்றுத் தண்ணீரை ஊற்றி நாள்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்தால் என்ன ஆகும் என்று தெரியாதா? உறை குத்துகிற மாதிரிதானே அது. தெரிந்தவள்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என்மேல் பழி போடவேண்டும் என்றால் அதற்குப் போடட்டும், ஏற்றுக்கொள்கிறேன். கைக்குப் போடக்கூடாது.

மறுநாள் காலை வாத்தியாருடைய பாட்டிலும் மங்கிவிட்டது. அவர் மனைவி பேப்பரைப் பிடித்துப் பார்த்தார், ஹெட் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, ஜெபமாலையோடு மாதா கோயிலுக்கு ஓடினார். வாத்தியார் வராந்தாவைப் பார்த்து, "தயிரம்மா, உங்க மாடு எனக்கும் குடுத்துருச்சு பாருங்க" என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்கு வலியில் உதடு கோணிற்று. அவர்கள் குடியிருந்தது மாடிவீடு. அங்கே மாடும் இல்லை, சாணியும் இல்லை. அவருக்குக் கட்டுப் போட்டதும் நான் இல்லை.

நான் எழுந்து உள்ளே போனேன். சின்ன டாக்டர் அப்போதுதான் வந்து நின்றார். ஹெட் சிஸ்டர், "வெளிய இருன்னு சொன்னேன்ல" என்றார். நான் அந்தம்மா பக்கம் திரும்பவில்லை. டப்பாவைத் திறந்து மூன்று சீட்டையும் என் வீட்டுக்காரர் கால்மாட்டில் வரிசையாக வைத்தேன். ஐம்பத்தஞ்சு, அறுபது, அன்றைக்குக் காலையில் வந்தது நூற்று முப்பது.

"கிட்னிக் கேசுல இது எப்பவும் கூடத்தாம்மா இருக்கும்" என்றார் டாக்டர்.

"தெரியுங்க. லேப் பாய் சொன்னாரு. ஒத்தச் சீட்டா பாத்தா எப்பவும் போலத்தான் இருக்கும். மூணையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

பார்த்தார். வாத்தியார் தலைமாட்டிலிருந்து தன் சீட்டுகளை எடுத்து நீட்டினார். "என்னுதும் அதே மாதிரி ஏறியிருக்குங்க டாக்டர். எங்க வீட்டுல பால்கூட பூத்லதான் வாங்கறோம்" என்றார்.

டாக்டர் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் பொதுவா என்ன?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"வாளிங்க" என்றேன்.

அதைத் தூக்கிக்கொண்டுபோய் வராந்தா சாக்கடை வாயில் மெதுவாகச் சாய்த்தேன். டாக்டரும் ஹெட் சிஸ்டரும் அண்ணியும் பின்னால் வந்துவிட்டார்கள். முதலில் தெளிந்த தண்ணீர் போயிற்று. அப்புறம் கலங்கல். அடியில் கறுத்துப்போன துளசி, பஞ்சு, ஒரு பாட்டில் லேபிள். உள்சுவரில் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து டாக்டரிடம் காட்டினேன். வழவழவென்று பாசி. வாடையை நான் சொல்லவேண்டியதில்லை, அவரே கைக்குட்டையை எடுத்தார்.

ஹெட் சிஸ்டருக்குத் துளசிதான் கண்ணில் பட்டது. "பாத்தீங்களா டாக்டர், இவங்க ஆளுங்க பண்ணின வேலைய."

"துளசி எங்களுதுதான். இல்லேன்னு சொல்லல" என்றேன். "எங்க அண்ணி ஊத்தினாங்க, நான் பாத்துட்டுச் சும்மா இருந்தேன். அது எங்க தப்பு. இந்தப் பாசி யாரோடது? நான் பானை கழுவிப் பொழைக்கிறவ. தொட்டாத் தெரியும் எத்தனை நாள் பாசின்னு. இது நேத்து வந்ததில்லீங்க. இந்த வாளிய யாரும் ஒரு மாசமாக் கவுத்ததில்ல. சாணி அள்ற கைன்னு என்னை வெளிய உக்கார வெச்சீங்க. சாணி அள்ளின தொட்டியக்கூட நாங்க தினம் கழுவுறோம்."

அண்ணி சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றார். டாக்டர் அடியில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்.

அன்றைக்கே மாறிற்று. வாளியே இல்லை. பாட்டிலைத் துணியில் சுற்றி வெந்நீர்ப் பைகளுக்கு நடுவில் வைத்துச் சூடாக்கினார்கள். மூடியை ஸ்பிரிட்டில் நன்றாகத் துடைத்துக் காயவிட்டுத்தான் குத்தினார்கள். கிருமியைக் கொல்லுகிற மருந்தை பாட்டிலிலேயே கலந்து உள்ளே விட்டார்கள். ஹெட் சிஸ்டர் என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டுப் போனார். நான் போய்த் தலையணையைச் சரி பண்ணினேன். "வந்துட்டியா" என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவுதான் கேட்டார்.

மூன்று நாள் கழித்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வாளித் தண்ணியில இருந்ததும் ரெண்டு பேர் வயித்துல இருந்ததும் ஒரே கிருமிதாம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

"அப்படீன்னா அதைக் கேஸ் சீட்டுல எழுதிருங்க சார். வீட்டில் சுத்தக் குறைவுங்கறதை அடிச்சிருங்க."

"பாக்கலாம்மா."

"அடிக்கிறதுக்கு ஒரு கோடுதானே சார். நான் எத்தனை கோடு கிழிச்சிருக்கேன் உங்க அட்டையில."

அவர் கேஸ் சீட்டை மூடிக்கொண்டு நடந்தார். கெட்டவர் இல்லை. பயம். மேலே இருக்கிறவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். கடைசிவரை எழுதவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது வாத்தியாரிடம் கேஸ் சீட்டைக் காட்டிக் கேட்டேன். அந்த வரி அப்படியேதான் இருந்தது. வாளி என்று ஒரு எழுத்துகூட எங்கேயும் இல்லை.

என் வீட்டுக்காரர் தேறினார். நூற்று முப்பது நூற்றுப் பத்தாயிற்று, அப்புறம் எண்பது, அப்புறம் அறுபதிலேயே நின்றது. பதினாலு மாதம் இருந்தார். மூத்தவள் கல்யாணத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். கிட்னியால் போனார், கிருமியால் இல்லை.

வாத்தியார் தேறவில்லை. நாங்கள் கிளம்பி ஒரு வாரத்துக்குள் தவறிவிட்டார். பாயிடம் சீட்டு வாங்கப் போனபோதுதான் கேள்விப்பட்டேன். ரொம்ப நாள் கழித்துக் காந்தி மார்க்கெட்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். "ஆண்டவர் கூப்புட்டுக்கிட்டார்ம்மா" என்றார். அந்த வாளியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வாளியில் பாசி இருந்தது, அதுதான் காரணம் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் துளசியையும் சொல்லவேண்டும், நான் சும்மா நின்றதையும் சொல்லவேண்டும். கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பாசி பெரிசா துளசி பெரிசா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ரெண்டும் ஒரே தண்ணீரில் கிடந்தது.

என் வீட்டுக்காரரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கு அண்ணி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை கேட்டார். "ஏண்டி, என் தண்ணியாலதானா?"

"பாசியாலதான் அண்ணி. வாளி கழுவல" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். இல்லை. கொஞ்ச நாளில் சொந்தக்காரர்களிடம் வேறு கதை போயிற்று. மாட்டுக் கை, ஆஸ்பத்திரியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், பேப்பர் இருக்கிறது என்று. பேப்பர் இருந்தது உண்மைதானே. அந்த ஒரு வரி இத்தனை வருஷம் வீடு வீடாகப் போயிருக்கிறது, ஒரு கல்யாணப் பந்திவரைக்கும். அண்ணி உயிரோடு இருக்கிறவரை நான் வாயைத் திறக்கவில்லை. அவர் தம்பிமேல் வைத்த பாசத்தால்தான் ஊற்றினார், அது எனக்குத் தெரியும். அதற்காக என் கையைக் கொடுக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதவில்லை. வாத்தியார் இருந்திருந்தால் எழுதியிருப்பார். மிச்சம் இருக்கிறது நான் ஒருத்திதான், ரெண்டாம் வகுப்பு. அதனால் நான் எழுதியிருக்கிறேன், வாளி என்று, நீல வாளி என்று.

என் பேத்திக் கண்ணு, இங்கே வா. பக்கத்தில் உட்கார். எனக்கு என் எழுத்தே இப்போது மங்கலாகத் தெரிகிறது. முதலிலிருந்து படித்துக் காட்டு. தப்பாக எழுதியிருந்தால் சிரிக்காமல் படி. வாத்தியார் சம்சாரத்திடம் சொல்லாமல் வந்தேனே, அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகாதே. நிறுத்திப் படி. கேட்டுவிட்டு அதில் இன்னும் ஒரு வரி சேர்க்கவேண்டுமா என்று யோசிக்கிறேன்.